ஆழ்கடலும் ஆகாரமும்

சென்ற விடுமுறையில் எம் பழைய மாணவர் ஒருவர் எம்மைக் காண இல்லத்துக்கு வந்திருந்தார். பிறநாடொன்றிற் கடலடியிற் பணிபுரிபவர். ஒட்சிசன் செறிவு கூட்டிய வாயுக் கலவையைச் சுவாசித்து மூழ்குபவர். மதிய உணவுக்கு அமர்ந்தபோது அவர் சோற்றைத் தொட்டாரில்லை. கத்தரிக்காய்க் கறியையும் தேங்காய்ச் சம்பலையும் மாத்திரம் உண்டார். நீரிழிவோ என்று கவலையுடன் வினாவினோம். "இல்லை ஐயா. மாப்பொருளை விட்டுக் கொழுப்பையே பேருணவாகக் கொண்டால் உடலிற் கீற்றோன் பெருகும். அது பெருகியவனை ஒட்சிசன் நஞ்சு தாக்காது. ஆறு மாதமாக இவ்வாறே உண்கிறேன்; ஒன்றும் நேரவில்லை" என்றார்.

அவர் கூற்றின் முற்பகுதி ஆராய்ச்சிக்குரியது. 'ஒன்றும் நேரவில்லை' என்ற பிற்பகுதியே எம்மை உறுத்தியது. யாம் தமிழ் கற்பிப்போர். விஞ்ஞானம் எம் பாடமன்று. எனினும் எம்முடன் பணியாற்றும் விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு இப்பொருளைத் தேடிக் கற்றோம். கடலோடு தொடர்புள்ள தொழில் செய்யும் பழைய மாணவர் பலர் நமக்கு உளர் ஆதலின், கற்றதையும் அதுபற்றி யாம் கருதுவதையும் இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

ஒட்சிசனுக்குப் பிராணவாயு என்று பெயரிட்டு வழங்குகின்றோம். அழகிய பெயர், ஆயின் பாதி உண்மையே கூறும் பெயர். அமுக்கம் மிகுந்த ஒட்சிசனைச் சுவாசிக்கும் உயிர் வலிப்புற்று வீழும் என்பதைப் பிரெஞ்சு நாட்டு உடற்றொழிலியலறிஞர் போல் பேர்ட் 1878 ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. எனவே தூய ஒட்சிசனைச் சுவாசிப்பவன் 6 மீற்றர் ஆழத்திலேயே 1.6 வளிமண்டல ஒட்சிசனை உட்கொள்கின்றான். உதடு துடித்தல், காது இரைதல், பார்வை குறுகுதல் ஆகிய குறிகள் முன்னே தோன்றலாம். யாதொரு குறியுமின்றியும் வலிப்பு வரலாம். தரையில் அவ்வலிப்பு பெரும்பாலும் கேடின்றித் தீரும். நீருக்கடியிலோ வாயிலுள்ள சுவாசக் குழாய் நழுவும். அதன்பின் மூழ்கி இறத்தலே எஞ்சும்.

1941 டிசம்பரில் இத்தாலியக் கடற்படை வீரர் ஒட்சிசன் கருவி அணிந்து அலெச்சாந்திரியாத் துறைமுகத்தினுட் புகுந்து, இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்களைச் சேதப்படுத்தினர். அத்தகைய கருவி குமிழி விடாது. ஆதலின் மூழ்குவோன் இருக்குமிடம் பகைவருக்குப் புலப்படாது. பிரித்தானியக் கடற்படையும் இம்முறையை மேற்கொள்ள முனைந்தபோது அதன் ஆபத்தை அளந்தறியும் பொறுப்பு கெனத் டொனால்ட் என்னும் மருத்துவரிடம் விடப்பட்டது. தாமாக முன்வந்த வீரர்களைக் கொண்டு அவர் போர்க்காலத்திற் செய்த சோதனைகளின் முடிவுகள் 1947 இல் வெளிவந்தன. சோதனைத் தொட்டியின் அடியில் 'ஒட்சிசன் பீற்' என்றொரு பூதம் பதுங்கியிருப்பதாக அவ்வீரர்கள் வேடிக்கையாகக் கூறிக்கொள்வராம்.

அச்சோதனைகளுள் ஒன்று எம் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஒரே மனிதரை ஏறத்தாழ மூன்று மாத காலத்தில் 20 முறை, ஒரே ஆழமாகிய 70 அடியில், தூய ஒட்சிசன் சுவாசிக்கச் செய்தனர். ஒருநாள் 7 நிமிடத்தில் நஞ்சின் குறி தோன்றியது. மற்றொருநாள் 148 நிமிடம் வரை தாங்கினார். ஆள் ஒருவர், ஆழம் ஒன்று, வாயு ஒன்று. தாங்கிய நேரமோ இருபது மடங்குக்கு மேல் வேறுபட்டது. உணவு எதுவும் மாற்றாமலே இவ்வாறாயின், 'உணவை மாற்றினேன், ஒன்றும் நேரவில்லை' என்னும் ஒருவரின் சொந்த அனுபவம் எதற்குச் சான்றாகும்?

இனிக் கீற்றோனுக்கு வருவோம். மாப்பொருள் கிட்டாதபோது ஈரல் கொழுப்பிலிருந்து ஆக்கும் பொருள் அது. நெடுநாள் பட்டினியில் மூளை குளுக்கோசுக்கு ஈடாகக் கீற்றோனைப் பயன்படுத்துகின்றது என்பதை அமெரிக்க மருத்துவர் காகிலும் அவர்தம் துணைவரும் 1967 இல் நிறுவினர். அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1921 இல், வைல்டர் என்பார் இவ்வுணவைக் காக்கை வலிப்பு நோய்க்கு முன்மொழிந்தார். இன்றும் மருந்துக்கு அடங்காத வலிப்புடைய பிள்ளைகளுக்கு அது பயன்படுகின்றது. வலிப்பு நோய்க்கு உதவுவது ஒட்சிசன் வலிப்புக்கும் உதவாதோ என்னும் எண்ணம் இயல்பானதே. பட்டினியிட்ட எலிகள் ஒட்சிசன் வலிப்பைக் கூடுதலாகத் தாங்கின என்று 1997 இல் ஓர் ஆய்வு கூறிற்று. 2013 இல் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்து டொமினிக் டி அகொஸ்ரினோ குழுவினர், 5 வளிமண்டல ஒட்சிசனில் வைத்த எலிகளுக்கு அரை மணி நேரம் முன்னதாகக் கீற்றோன் எசுத்தர் என்னும் செயற்கைப் பொருளைப் புகட்டினர். வலிப்பு வரும் நேரம் பன்மடங்கு தாமதித்தது. இது மெய்யான கண்டுபிடிப்பு, எள்ளத்தக்கதன்று.

ஆயினும் அந்த எலிகள் கொழுப்புணவு உண்டு கீற்றோன் பெற்றவையல்ல. ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய பானம் அவற்றுக்குப் புகட்டப்பட்டது. மேலும், கீற்றோன் வகைகளுள் ஒன்றை மாத்திரம் உயர்த்திய பொருள் அவற்றைக் காக்கவில்லை. இவற்றை விடுத்து 'சோற்றை விட்டாற் போதும்' என்று கூறுவது, செய்யுளின் முதலடியை மாத்திரம் படித்துப் பொருள் கூறும் மாணவனின் செயலை ஒக்கும். எலிக்கும் வலிப்பு தாமதித்ததேயன்றி வாராமற் போகவில்லை. தன்னைக் கவசம் அணிந்தவனாக எண்ணுபவன் இன்னும் சில மீற்றர் கீழே செல்வான் என்பதே எமது அச்சம்.

இதனை நம் ஊர்க் கடலுக்குப் பொருத்திப் பார்ப்போரும் இருப்பர். வடகடலிற் சங்கும் கடலட்டையும் எடுக்க மூழ்குவோர் சுவாசிப்பது அமுக்கிய சாதாரண வளி. அதில் ஒட்சிசன் 1.4 வளிமண்டலத்தை எட்டுவதற்கு 56 மீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். அவர்களை முடமாக்குவது நைதரசன். நெடுநேரம் ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுவதால் உடலில் எழும் குமிழிகள். அதற்கு இவ்வுணவு மருந்தென்று எவரேனும் விற்க வருவாராயின் அவரை வாயிலிலேயே திருப்பியனுப்புக. நம் முன்னோர் விரதத்தால் இதையெல்லாம் அன்றே அறிந்திருந்தனர் என மேடையில் முழங்குவோருக்கும் ஒரு சொல்: விரதத்தின் பெருமைக்கு எலியின் சாட்சி வேண்டியதில்லை.

எம் மாணவருக்கு இவற்றை விரிவாக எழுதினோம். சோற்றை உண்ணுமாறு யாம் வற்புறுத்தவில்லை. அது அவர் விருப்பம். மூழ்குவோருக்குப் பயிற்சி அளிப்போர் எல்லையாக வகுத்த 1.4 வளிமண்டலத்தை அவர் மீறுகின்றாரா என்று மாத்திரம் கேட்டோம். விடை வந்தது. தாம் சுவாசிக்கும் கலவையில் ஒட்சிசன் நூற்றுக்கு 32 என்றும், அதற்குரிய 33 மீற்றர் எல்லைக்குக் கீழே ஒருநாளும் சென்றதில்லை என்றும் எழுதியிருந்தார். அவ்வாறாயின் அந்த ஆறு மாதமும் அவரைக் காத்தது எது என்று மறுமடலிற் கேட்டோம். அதற்கு அவர் நேரே விடை கூறவில்லை. தைப்பொங்கலுக்கு வருவதாகவும், பொங்கல் மட்டும் ஒரு கரண்டி உண்பதாகவும் எழுதியுள்ளார்.