முன்னால் போன இருவரும் வழிவிட்டார்கள்... 3 புள்ளியில் கைமாறிய சாம்பியன் பட்டம்! நோரிஸ்ரிங்கில் நடந்தது சரியா?

2021 அக்டோபர் 10, ஞாயிறன்று நம்ம ஊர் ரேஸ் ரசிகர்கள் பெரும்பாலும் துருக்கி கிராண்ட் பிரீயைத்தான் பார்த்திருப்பார்கள். ஈரத் தடத்தில் போட்டாஸ் ஜெயித்தார். இரண்டாவதாக வந்த வெர்ஸ்டப்பன், ஹாமில்டனைவிட 6 புள்ளி முன்னிலைக்குப் போனார். ரெட் புல்லா, மெர்சிடிஸா என்ற சண்டை அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை.

அதே நாளில் ஜெர்மனியின் நியூரெம்பெர்க் நகரில் இன்னொரு ரெட் புல் - மெர்சிடிஸ் சண்டை முடிந்தே போனது. அது முடிந்த விதம்தான் அப்போது ஐரோப்பிய ரேஸ் உலகில் பெரிய வாக்குவாதமாக ஓடியது. 19 வயது லியாம் லாசன் கையில் இருந்த பட்டம், 3 புள்ளி வித்தியாசத்தில் 35 வயது மேக்சிமிலியன் கோட்ஸுக்குப் போய்விட்டது. முன்னால் ஓடிய இரண்டு பேர் தாமாக வழிவிட்டதால் வந்த வெற்றி அது.

இது திருட்டா, தந்திரமா? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எந்த ரேஸ் இது?

டிடிஎம். ஜெர்மனியின் டூரிங் கார் சாம்பியன்ஷிப். டூரிங் கார் என்றால், ஷோரூமில் பார்க்கிற காரின் உருவத்திலேயே இருக்கும் ரேஸ் கார். ஃபார்முலா 1 மாதிரி சக்கரம் வெளியே தெரியாது. நம்ம இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடக்கும் தேசியப் போட்டியில்கூட இந்தியன் டூரிங் கார்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு, பார்த்தவர்களுக்குத் தெரியும். சக்கரம் மூடியிருப்பதால் கொஞ்சம் உரசினாலும் கார் உடைந்து நிற்காது. அதனால் உரசிக்கொண்டே ஓட்டுவார்கள். ரசிகர்கள் டிக்கெட் வாங்குவதும் பாதி அதற்காகத்தான்.

டிடிஎம்முக்கு 2021 ஒரு மறுபிறவி வருடம். 2018 சீசனோடு மெர்சிடிஸ் விலகியது. 2020-ல் ஆடியும் கிளம்புவதாக அறிவித்தது. தொழிற்சாலைகள் கோடிக்கணக்கில் கொட்டி உருவாக்கும் கார்களோடு இனி தொடரை நடத்த முடியாது என்ற நிலை. அதனால் 2021 சீசனில் ஜிடி3 வகைக் கார்களுக்கு மாறினார்கள். ஃபெராரி, ஆடி, மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, லம்போர்கினி என்று கம்பெனிகள் விற்கிற ரேஸ் கார்களைத் தனியார் அணிகள் வாங்கி ஓட்டும். எடையையும் இன்ஜின் சக்தியையும் கூட்டிக் குறைத்து எல்லா கார்களையும் சமமாக்குவார்கள். அப்போது தொடரை நடத்திய அமைப்பின் தலைவர், பழைய ஃபார்முலா 1 வீரர் கெர்ஹார்ட் பெர்கர்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பெங்களூருவின் அர்ஜுன் மைனி 2021-ல் மெர்சிடிஸ் காரில் ஓட்டினார். டிடிஎம்மில் ஓட்டும் முதல் இந்தியர் அவர்தான்.

கடைசி நாளில் என்ன ஆச்சு?

கடைசிச் சுற்று நடந்த நோரிஸ்ரிங், நிரந்தர டிராக் கிடையாது. நகரச் சாலைகளை அடைத்து ரேஸ் நடத்துகிறார்கள். ஒரு சுற்று வெறும் 2.3 கிலோமீட்டர்தான். பிரதான நேர்ச்சாலை, ஹிட்லர் கட்சியின் பேரணிகள் நடந்த கல் மேடைக்கு முன்னால் ஓடுகிறது. அன்றைக்கு அணிவகுப்பு பார்க்கக் கட்டிய படிகளில்தான் இன்றைக்கு ரசிகர்கள் உட்கார்ந்து ரேஸ் பார்க்கிறார்கள். வழக்கமாகக் கோடையில் நடக்கும் சுற்று, கொரோனாவால் 2021-ல் அக்டோபருக்குத் தள்ளிப்போய், சீசனின் முடிவாகவே ஆகிவிட்டது.

அந்த நேர்ச்சாலை முடிகிற இடத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. முழு வேகத்தில் வருகிற கார் எல்லாம் பிரேக்கை மிதித்து ஊர்ந்து திரும்ப வேண்டும். ரேஸ் தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் அந்த வளைவுக்குள் நுழையும். இடிக்காமல் திரும்பினால்தான் அதிசயம்.

ஞாயிறு ரேஸில் அதுதான் நடந்தது. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் நியூசிலாந்தின் லாசன். ரெட் புல் வளர்த்த இளம் வீரர், ஓட்டியது ஃபெராரி. அவரோடு பட்டத்துக்கு முட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆடியில் தென்னாப்பிரிக்காவின் கெல்வின் வான் டெர் லிண்டே, மெர்சிடிஸில் கோட்ஸ். முதல் வளைவிலேயே வான் டெர் லிண்டேவின் ஆடி, லாசனின் ஃபெராரியில் மோதியது. லாசனின் கார் சேதமாகி பிட்டுக்குப் போனது. சரிசெய்து மறுபடி வெளியே வந்தபோது பல லேப் பின்தங்கிவிட்டார். ரேஸ் முடிந்ததும் வான் டெர் லிண்டே மீதான கோபத்தை அவர் மறைக்கவே இல்லை.

அப்போதும் பட்டம் லாசன் கையில்தான் இருந்தது. ஏனென்றால் கடைசிக் கட்டத்தில் முதலிடத்தில் ஓடியவர் லூகாஸ் ஔவர், அவருக்குப் பின்னால் பிலிப் எல்லிஸ். கோட்ஸ் மூன்றாவது. மூவருமே மெர்சிடிஸ். பிறகு எல்லிஸ் ஒதுங்கினார், ஔவரும் ஒதுங்கினார். கோட்ஸ் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார்.

இந்த லூகாஸ் ஔவர் யார் தெரியுமா? தொடரின் அப்போதைய தலைவர் பெர்கரின் சொந்த சகோதரி மகன். நாடகத்துக்கு இதைவிட நல்ல பாத்திரத் தேர்வு கிடைக்காது!

அந்த 10 புள்ளிதான் கணக்கு

டிடிஎம்மில் முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15. இறுதிப் பட்டியல்: கோட்ஸ் 230, லாசன் 227.

கோட்ஸின் 230-ல் இந்த ரேஸின் 25-ஐக் கழித்தால் 205. மூன்றாவதாகவே முடித்திருந்தால் 220. எல்லிஸ் மட்டும் வழிவிட்டு இரண்டாவதாக வந்திருந்தால் 223. இரண்டிலுமே லாசன்தான் சாம்பியன். ஆக, ஒருத்தர் உதவி போதாது, இருவரும் ஒதுங்கியே ஆகணும். தற்செயலாக நடந்தது என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்குக் கணக்கு சுத்தமாக இருக்கிறது.

லாசன் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் வலிக்கும். எட்டாவது இடத்துக்கு 4 புள்ளி. முதல் வளைவில் அடிபடாமல், முழு ரேஸையும் நிதானமாக ஓட்டி எட்டாவதாக வந்திருந்தால்கூட 231. டிடிஎம் வரலாற்றின் மிக இளைய சாம்பியன் ஆகியிருப்பார். அந்தப் பெருமை இப்போதும் 2015-ல் 20 வயதில் ஜெயித்த பாஸ்கல் வேர்லைனிடமே இருக்கிறது.

இது 'டீம்' ஆர்டரா?

ரேஸில் அணி உத்தரவு ஒன்றும் புதுசு இல்லை. ஒரே அணியில் இரண்டு பேர் ஓட்டினால், பட்டத்துக்கு வாய்ப்புள்ளவருக்கு மற்றவர் வழிவிடுவது காலங்காலமாக நடப்பதுதான். கிரிக்கெட்டில் சதத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு எதிர்முனைக்காரர் ஸ்டிரைக் கொடுப்பது மாதிரி. "இதுல என்ன தப்பு?" என்று மெர்சிடிஸ் ரசிகர்கள் கேட்டது அதனால்தான்.

ஆனால் இங்கே ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பலரும் அதைக் கவனிக்காமலே சண்டை போட்டார்கள். கோட்ஸின் அணி ஹவுப்ட் ரேசிங் டீம். ஔவர், எல்லிஸ் இருவரின் அணி வின்வர்ட் ரேசிங். வேறு முதலாளி, வேறு மெக்கானிக்குகள், வேறு ஸ்பான்சர்கள். பட்டியலில் இரண்டும் போட்டி அணிகள். வின்வர்ட்டைப் பொறுத்தவரை, சீசனின் கடைசி ரேஸில் கையில் இருந்த வெற்றியை எதிரணிக்காரருக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அணிக்கு இதில் என்ன லாபம்? லாபம் முழுக்க காரின் முகப்பில் இருக்கும் நட்சத்திரச் சின்னத்துக்குத்தான்.

அதனால் இதை அணி உத்தரவு என்று சொல்வதைவிட கம்பெனி உத்தரவு என்று சொல்வதுதான் பொருத்தம். என் பார்வையில் பிரச்னையே இங்கேதான். தொழிற்சாலைகளின் பிடியிலிருந்து விடுபட்டோம், இனி தனியார் அணிகளின் காலம் என்று சொல்லித்தான் டிடிஎம் 2021-ல் புதுக்கடை திறந்தது. முதல் சீசனின் கடைசி லேப்களிலேயே பழைய முதலாளி உள்ளேதான் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

இது சமமான ஆட்டமும் இல்லை. 2021-ல் மெர்சிடிஸ் கார்கள் பல அணிகளில் பரவியிருந்தன. ஃபெராரிக்கோ அந்தத் தொடரில் ஒரே ஒரு அணி, இரண்டே கார்தான் இருந்தது. லாசனுக்கு உதவ நினைத்தாலும் ஆளில்லை. கார்களைச் சமமாக்க எடையை கிலோ கணக்கில் அளந்து ஏற்றுகிற தொடரில், கூட்டாளிகளின் எண்ணிக்கையை மட்டும் யாரும் அளக்கவில்லை!

கோட்ஸை வில்லனாக்குவதும் நியாயமில்லை. 2015, 2016-ல் டிடிஎம்மில் ஓட்டி, பிறகு வெளியேறி, 30-களின் நடுவில் திரும்பி வந்தவர். சீசன் முழுக்கப் புள்ளி சேர்த்ததால்தான் கடைசி ரேஸில் அவருக்கு வழிவிடுவதில் ஒரு அர்த்தமே இருந்தது. முன்னால் இருப்பவர்கள் ஒதுங்கும்போது, "வேண்டாம், நான் மூன்றாவதாகவே வருகிறேன்" என்று எந்த ஓட்டுநரும் பிரேக் போட மாட்டார்.

தடை போட்டால் நின்றுவிடுமா?

"அப்போ தடை பண்ணிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். ஃபார்முலா 1 அதைச் செய்து பார்த்தது. 2002 ஆஸ்திரிய கிராண்ட் பிரீயில், வெற்றிக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பாரிகெல்லோ வேகம் குறைத்து ஷூமாக்கருக்கு வெற்றியைக் கொடுத்தார். ரசிகர்கள் கொதித்தார்கள். அணி உத்தரவுக்குத் தடை வந்தது. நின்றதா? 2010 ஜெர்மனி ரேஸில் "ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், புரிகிறதா?" என்று ஃபெராரி மாசாவிடம் ரேடியோவில் கேட்டது. உத்தரவு என்ற வார்த்தையே இல்லை, ஆனால் மாசா வழிவிட்டார். 1 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள், ரேஸ் முடிவு மாறவில்லை. 2011-ல் தடையையே எடுத்துவிட்டார்கள்.

டிடிஎம்மும் இதைவிட மோசமானதைப் பார்த்திருக்கிறது. 2015-ல் ஆஸ்திரியாவின் ஷ்பீல்பெர்க் ரேஸின் கடைசி லேப். ஆடியின் டீமோ ஷைடருக்கு முன்னால் இரண்டு மெர்சிடிஸ், வேர்லைனும் ராபர்ட் விக்கன்ஸும். ஆடி ரேஸ் பிரிவின் தலைவர் வோல்ஃப்காங் உல்ரிஹின் குரல் ரேடியோவில் கேட்டது: "டீமோ, அவனை வெளியே தள்ளு." ஷைடர் இடித்தார், இரண்டு மெர்சிடிஸும் தடத்தை விட்டு வெளியே போனது. ரேடியோ திறந்திருந்தது தனக்குத் தெரியாது என்று உல்ரிஹ் விளக்கம் சொன்னார். ஆடிக்கு 2 லட்சம் யூரோ அபராதம், உல்ரிஹுக்கு அந்த சீசன் முடியும்வரை பிட் பகுதிக்குள் நுழையத் தடை, ஷைடருக்கு அடுத்த மாஸ்கோ சுற்றில் இடமில்லை. 2002-ல் பாரிகெல்லோ வழிவிட்டதும் இதே ஷ்பீல்பெர்க் டிராக்தான். அந்த மண்ணுக்கு என்ன ராசியோ!

அந்த 2015-ல் இடிபட்ட வேர்லைன்தான் கடைசியில் சாம்பியன் ஆனார். சீசனில் இன்னும் ரேஸ்கள் மீதி இருந்ததால் அவருக்கு அது சாத்தியமானது. லாசனுக்கு அடுத்த ரேஸ் என்று ஒன்று இல்லை.

மோதலையும் வழிவிட்டதையும் குழப்ப வேண்டாம்

சமூக வலைதளங்களில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து திட்டினார்கள். ஆடிக்காரர் இடித்ததும் மெர்சிடிஸ்காரர்கள் வழிவிட்டதும் தனித்தனி விஷயம். இரு தரப்புக்கும் இடையே ஒப்பந்தம் இருந்ததாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வான் டெர் லிண்டேவும் பட்டத்துக்காக ஓடியவர்தான், அவருக்கும் கிடைக்கவில்லை.

உண்மையில் லாசனை வீழ்த்தியது மோதல்தான். வழிவிட்டது அதன் மேல் வைத்த முத்திரை. ரேஸ் விதிகளின் பெரிய ஓட்டையும் இதில்தான் இருக்கிறது: இடித்தவருக்கு என்ன தண்டனை கொடுத்தாலும், இடிபட்டவருக்கு ஒரு புள்ளிகூடத் திரும்பக் கிடைக்காது. சீசன் நடுவில் என்றால் அடுத்த ரேஸில் ஈடுகட்டிக்கொள்ளலாம். கடைசி ரேஸில், அதுவும் முதல் வளைவில் என்றால்? போனது போனதுதான்.

அடுத்து என்ன?

பந்து அப்போது பெர்கர் பக்கம் இருந்தது. 2022 சீசனுக்கு முன் இதற்கு ஒரு விதி எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. ஒரே அணிக்குள் நடக்கும் உதவியைத் தடுப்பது கஷ்டம், ஃபார்முலா 1 தோற்ற இடம் அது. ஆனால் வெவ்வேறு அணிகளுக்கு இடையே கம்பெனி சொல்லி வெற்றி கைமாறுவதைத் தடுக்க, அணி ரேடியோவைத் திறந்து வைப்பதிலிருந்து கடைசி ரேஸின் புள்ளியைப் பறிப்பது வரை வழிகள் இருக்கின்றன. சொந்த சகோதரி மகன் முன்னால் நின்று ஒதுங்கிய ரேஸுக்குப் பிறகு அவர் எழுத வேண்டியிருந்த விதி அது.

லாசனுக்கு அந்த வருடம் இன்னும் வேலை பாக்கி இருந்தது. 2021-ல் ஃபார்முலா 2 தொடரிலும் அவர் ஓட்டினார். டிசம்பரில் ஜெட்டா, அபுதாபி என இரண்டு சுற்றுகள் மீதி இருந்தன. அதே இரண்டு வார இறுதிகளில், அதே இரண்டு டிராக்குகளில்தான் வெர்ஸ்டப்பன் - ஹாமில்டன் கணக்கும் முடிந்தது.