சம்பளம் கூடினால் வாடகையும் கூடும்! அமெரிக்க அரசு வீட்டு உதவியில் என்னதான் சிக்கல்?

அரசு வீடு கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற பேச்சு எந்த நாட்டிலும் கேட்கக்கூடியதுதான். அமெரிக்காவில் அது பட்ஜெட் வரைக்கும் வந்துவிட்டது. 2025 மே மாதம் ட்ரம்ப் அரசு வெளியிட்ட 2026 நிதியாண்டுக்கான முன்மொழிவில், உடல்திறன் உள்ள பெரியவர்களுக்கு வாடகை உதவி இரண்டு ஆண்டுகள் மட்டுமே என்று வரம்பு சொல்லப்பட்டது. அதே முன்மொழிவில் இன்னொன்றும் இருந்தது. அரசு வீட்டு உதவி பெறுபவர்கள் வேலை தேடிச் சொந்தக் காலில் நிற்க உதவும் திட்டங்களுக்கு நிதியே வேண்டாமாம்.

சீக்கிரம் வேலைக்குப் போ என்கிறார்கள். போக உதவும் ஆளையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இது எந்தக் கணக்கு?

இதைப் புரிந்துகொள்ள அங்கே வாடகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

30 சதவீதக் கணக்கு

அமெரிக்காவில் 'வவுச்சர்' மூலம் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகை உதவி பெறுகின்றன. தனியார் வீட்டில் குடியிருக்கலாம். குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுக்கும், மீதியை அரசு வீட்டு உரிமையாளருக்குக் கொடுக்கும். அரசுக்குச் சொந்தமான குடியிருப்புகளிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். 1969-ல் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள், 1981-ல் அதை 30 ஆக்கினார்கள்.

நியாயமான ஏற்பாடுதானே என்று தோன்றும். நியாயம்தான், சம்பளம் உயராத வரைக்கும். மாதம் 1,000 டாலர் சம்பாதிக்கும் ஒரு பெண் 300 டாலர் வாடகை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வேலை கிடைத்து வருமானம் 2,000 டாலர் ஆகிறது. வாடகை 600 டாலர் ஆகிவிடும். (சில கழிவுகள் உண்டு, இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.) கூடுதலாகச் சம்பாதித்த ஆயிரத்தில் 300 வாடகைக்கே போய்விட்டது. மேற்கொண்டு சம்பள வரி, குறையும் உணவு உதவி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு. கடைசியில் கையில் நிற்பது கொஞ்சம்தான். ஓவர்டைம் வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எப்படிச் சொல்வது? கணக்குத் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள்.

உண்டியல் திட்டம்

இந்தச் சிக்கலுக்கு 1990-ல் ஒரு விடை கண்டுபிடித்தார்கள். மூத்த ஜார்ஜ் புஷ் அதிபராகவும், ஜாக் கெம்ப் வீட்டுவசதித் துறைச் செயலாளராகவும் இருந்த காலம் அது. திட்டத்தின் பெயர் 'ஃபேமிலி செல்ஃப் சஃபிஷியன்ஸி'. சுருக்கமாக எஃப்.எஸ்.எஸ். யோசனை எளிமையானது. வருமானம் உயர்ந்தால் வாடகை உயரட்டும், ஆனால் உயர்ந்த தொகைக்கு ஈடான பணத்தை வீட்டுவசதி அமைப்பு அந்தக் குடும்பத்தின் பெயரில் ஒரு கணக்கில் போட்டு வைக்கும். மேலே சொன்ன பெண்ணுக்கு மாதம் 300 டாலர் சேரும். மூன்று வருடம் அந்த வேலையில் நீடித்தால் 10,800 டாலர். கூடவே ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். படிப்பு, வேலை, கடன் என்று எல்லாவற்றுக்கும் வழிகாட்டுவது அவர் வேலை.

ஒப்பந்தம் பொதுவாக ஐந்து ஆண்டு. முடியும்போது குடும்பத் தலைவர் வேலையில் இருக்க வேண்டும், குடும்பத்தில் யாரும் அரசின் நலத்திட்டப் பணம் வாங்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் மொத்தப் பணமும் கைக்கு வரும். கார் வாங்கலாம், கடன் அடைக்கலாம், வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாதியில் விட்டால் பணம் போச்சு.

கேட்க அருமையாக இருக்கிறது. எனக்கும் முதலில் படித்தபோது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 18 வீட்டுவசதி அமைப்புகளில் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து வருடக்கணக்கில் பார்த்தது. திட்டத்தில் சேர்ந்தவர்களின் வேலையோ வருமானமோ, சேராதவர்களைவிட ஒட்டுமொத்தமாக உயரவில்லை. பணத்தோடு வெளியே வந்தவர்கள் சிறுபான்மைதான். ஐந்து வருடம் கழித்து வரப்போகும் பணத்துக்காக இந்த மாதக் கஷ்டத்தை மறக்க முடியாது, அவ்வளவுதான்.

அப்போ எதுதான் வேலை செய்தது?

'ஜாப்ஸ் பிளஸ்'. 1990-களின் இறுதியில் பால்டிமோர், சாட்டனூகா, டேட்டன், லாஸ் ஏஞ்சலஸ், செயின்ட் பால், சியாட்டில் ஆகிய ஆறு நகரங்களில் தொடங்கியது. தனி ஆளைப் பிடிக்காமல் ஒரு முழுக் குடியிருப்பையே எடுத்துக்கொண்டார்கள். வேலைவாய்ப்பு உதவி மையம் அங்கேயே இருந்தது. வேலைக்குப் போனாலும் வாடகை முன்போல ஏறாது. எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவலை அக்கம்பக்கத்தவர்களே பரப்பினார்கள். திட்டம் முழுமையாக நடந்த டேட்டன், லாஸ் ஏஞ்சலஸ், செயின்ட் பால் ஆகிய மூன்று இடங்களிலும் ஏழு ஆண்டுகளில் சராசரி வருமானம் சுமார் 16 சதவீதம் கூடியது. அரைகுறையாக நடந்த இடங்களில் அப்படி எதுவும் இல்லை.

இங்கே அவசரப்பட்டு, வாடகையை ஏற்றாமல் விட்டாலே போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. லெக்சிங்டன், லூயிவில், சான் அன்டோனியோ, வாஷிங்டன் டி.சி. ஆகிய இடங்களில் வருமானத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கணக்குப் பார்க்கும் சோதனை நடந்தது. இடையில் சம்பளம் கூடினாலும் வாடகை கூடாது. அதிலும் வருமானம் பெரிதாக நகரவில்லை. பணச் சலுகையோடு பக்கத்தில் நின்று உதவ ஆளும் வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிகிற பாடம்.

கட்டாயப்படுத்தினால்? வட கரோலினாவின் சார்லட் நகரில் சில குடியிருப்புகளில் வாரம் 15 மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும் என்று விதி வைத்தார்கள். வேலையில் இருந்தவர்கள் எண்ணிக்கை கூடியது, வெளியேற்றம் பெருகவில்லை. ஆதரவாளர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே விதிக்கு முன்பே ஆலோசகர்களை வைத்து உதவினார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. உதவி பெறும் குடும்பங்களில் பாதிக்கு மேல் முதியவர்கள் அல்லது மாற்றுத்திறனாளிகள் தலைமையில் இருப்பவை. தகுதி இருந்தும் உதவி கிடைக்காமல் காத்திருப்பவர்களே அதிகம், நான்கு குடும்பத்தில் ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது. அந்த வரிசையைக் குறைக்கத்தான் இரண்டு ஆண்டு வரம்பு என்கிறார்கள். அது நியாயமான கவலைதான். ஆனால் இரண்டு ஆண்டில் வெளியே போகிறவருக்குச் சந்தை வாடகை கட்டும் சம்பளம் வந்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. 1990-ல் இதே ரிபப்ளிகன் கட்சி அரசு போட்ட திட்டமே ஐந்து ஆண்டு கேட்டது.

எஃப்.எஸ்.எஸ். கணக்கில் சேரும் பணம் வேறு, ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்கு வரும் மானியம் வேறு. முன்மொழிவு கைவைத்தது இரண்டாவதில். முடிவு நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. மானியம் நின்றுபோனால், ஒப்பந்தத்தின் மூன்றாம் வருடத்தில் இருக்கும் ஒரு தாய் அடுத்த முறை போன் செய்யும்போது எடுக்க அந்த மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள்.