நாய்க் கட்டணமும் முகாம் சுத்தமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வனங்களிலும் ஏரிக்கரைகளிலும் கூடாரமடித்துத் தங்கி விடுமுறையைக் கழிப்பது ஜனங்களுக்கு மிகவும் பிரியமான வழக்கம். பலர் தாங்கள் வளர்க்கும் நாயையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். தனியார் முகாம்கள் பலவற்றில், இடத்துக்கு வாங்கும் வாடகை போதாதென்று, நாய்க்கும் தனிக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. காரணம் கேட்டால், சுத்தத்திற்காக என்பதே பதில்.

கட்டணத்தை நாம் அடியோடு ஆட்சேபிக்கவில்லை. நாயின் மலம் அற்ப விஷயமன்று. அதிலுள்ள புழு முட்டைகள் மண்ணில் நெடுநாள் அழியாமல் கிடந்து, அங்கே விளையாடும் குழந்தைகளைப் பற்றக்கூடும். மழை பெய்தால் அவ்வளவும் ஓடையில் இறங்குகிறது. காட்டு மிருகங்களின் எச்சம் கிடக்கவில்லையா என்று சிலர் வாதிப்பதுண்டு. காட்டு மிருகம் காட்டில் தின்றதைக் காட்டிற்கே திருப்பித் தருகிறது. நாயோ கடைத் தீனியைத் தின்றுவிட்டு, அதன் சத்தை வேற்று மண்ணில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நாய்கள் பல ஒரே திடலில் நாள்தோறும் வந்து தங்குமாயின் மண் என்ன செய்யும்?

நமது கவலை வேறு. பணம் கொடுத்தவன் தன் கடமையும் அத்துடன் தீர்ந்ததென்று எண்ணிவிடுகிறான். இது வெறும் ஊகமன்று. இஸ்ரேல் நாட்டு ஹைபா நகரத்தில், குழந்தைக் காப்பகங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல நேரங்கழித்து வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, தாமதித்து வருவோர் குறையவில்லை, பெருகினார்கள். அபராதத்தை நீக்கிய பின்பும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை! பிறருக்குத் தொல்லை தருகிறோமே என்ற கூச்சம் போய், விலை கொடுத்து வாங்கிய உரிமை என்ற எண்ணம் வந்துவிட்டது. நாய்க் கட்டணமும் இக்கதியையே அடையுமென்று அஞ்சுகிறோம்.

கண் தெரியாதவருக்கு வழிகாட்டும் நாய் முதலியவற்றுக்கு இக்கட்டணம் வாங்கலாகாதென்று அந்நாட்டுச் சட்டம் விதித்திருப்பது முற்றிலும் நியாயம். அந்நாட்டுத் தேசீயப் பூங்காக்களின் விதியும் நமக்கு உவப்பானதே: நாயைக் கட்டும் கயிறு 6 அடிக்கு மேற்படலாகாது, அதன் அசுத்தத்தை அழைத்து வந்தவரே அகற்ற வேண்டும். நியூயார்க் நகரவாசிகளுக்கு 1978-ஆம் வருஷத்துச் சட்டம் இட்ட கட்டளையும் இதுவே. சட்டம் அங்கே பணத்தைக் கேட்கவில்லை, மனிதனைக் குனியச் சொல்லிற்று. மீறினவனுக்கே அபராதம்.

ஆதலின் கட்டணம் வாங்கியே தீருவோம் என்னும் முகாம் அதிகாரிகளை நாம் கேட்பது அதிகமன்று. வாசலில் பையும் குப்பைத் தொட்டியும் வையுங்கள். சென்ற வருஷத்து வசூலில் துப்புரவுக்குச் செலவானது எவ்வளவு, பெட்டியில் சேர்ந்தது எவ்வளவு என்பதையும் அங்கேயே எழுதித் தொங்கவிடுங்கள்.