லெட்ஜரில் ரப்பர் போடலாமா?

பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். பேரேட்டில் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, பிழைத்திருத்தப் பதிவு போட வேண்டும். வவுச்சர் இல்லாமல் பதிவு கிடையாது. எழுதியவரே சரிபார்க்கக் கூடாது. பசியோலி இரட்டைப் பதிவு முறையை 1494-ல் அச்சில் ஏற்றி 500 வருஷம் தாண்டிவிட்டது. கணக்குப்பிள்ளை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரை மட்டும் நம்பாதே என்பதுதான் இதன் சாரம்.

இன்றைக்கு அந்தப் பேரேடு டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. அதைப் பராமரிக்கிற சாஃப்ட்வேர்காரர்களில் பலர் இந்த முதல் வருஷப் பாடத்தைத் தாண்டி வந்ததாகத் தெரியவில்லை :-)

புரோகிராமில் ஒரு வரி மாற்ற வேண்டுமா? யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று பதிவாகும். இன்னொருவர் படித்துப் பார்ப்பார். தானியங்கிச் சோதனை ஓடும். அப்புறம்தான் சர்வருக்குப் போகும். எழுதுகிறவர்களுக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் நடுவே இருந்த சுவரை இடித்த இந்த முறைக்கு 2009 வாக்கில் டெவ்ஆப்ஸ் என்று பேர் வைத்தார்கள். ஆனால் டேட்டாபேஸில் ஒரு டேபிளை மாற்ற வேண்டும் என்றால்? 'ஃபைனல்_புதுசு_2' என்று ஒரு ஃபைல் மெயிலில் போகும். டிபிஏ ராத்திரி உட்கார்ந்து கையால் ஓட்டுவார். எது ஓடியது, எது விட்டுப்போனது என்பது அவர் மண்டைக்குள் மட்டும் இருக்கும்.

கேட்டால், 'அவர் ரொம்ப கவனமான ஆள்' என்பார்கள். கவனமான ஆளுக்கு என்ன நடக்கும் என்று பார்க்கலாமா?

2017 ஜனவரி 31. கிட்லேப். டெவ்ஆப்ஸ் கருவி விற்பதே அந்தக் கம்பெனியின் தொழில். இரண்டாம் சர்வரில் பிரதி எடுப்பது நின்றுபோனதால் ஒரு இஞ்சினியர் ராத்திரியில் அதைச் சரிசெய்து கொண்டிருந்தார். இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்குமே? இல்லை! பேக்கப் எடுக்கும் புரோகிராம் போஸ்ட்கிரெஸ் 9.2, டேட்டாபேஸோ 9.6. அதனால் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில்களையும் மெயில் சர்வர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சோதனை வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் மானத்தைக் காப்பாற்றியது. ஆனாலும் அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். இத்தனையையும் கம்பெனியே ஒளிக்காமல் வெளியிட்டது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

அந்த இஞ்சினியரைத் திட்டி என்ன பிரயோஜனம்? பாஸ்புக்கோடு ஒத்துப்பார்க்காத கேஷ்புக் எப்படியோ, திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பும் அப்படியே. வங்கிச் சரிகட்டும் பட்டியலை மாசாமாசம் போடுகிற ஒரு சாதாரண கணக்கர், இந்த ஓட்டையை முதல் மாசமே பிடித்திருப்பார்.

மருந்து ஒன்றும் புதுசல்ல. பிரமோத் சடலகே, மார்ட்டின் ஃபவுலர் இருவரும் 2003-லேயே எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசை எண் போட்ட ஒரு சிறு ஃபைல். அதைப் புரோகிராமோடு சேர்த்து வை, சோதித்துவிட்டு ஓட்டு. ஃபிளைவே மாதிரியான கருவிகள் எந்த எண், எப்போது, யார் பேரில் ஓடியது என்று டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு டேபிளில் குறித்து வைக்கின்றன. ஏற்கெனவே ஓடிய ஃபைலில் யாராவது கைவைத்தால், சரிபார்க்கும்போது கையும் களவுமாகப் பிடித்துவிடும். தப்பைத் திருத்த அடுத்த எண்ணில் புது ஃபைல்தான் எழுத வேண்டும். பிழைத்திருத்தப் பதிவேதான்!

'புரோகிராமைப் பழையபடி மாற்றலாம், டேட்டாவை மாற்ற முடியுமா? தூக்கிப் போட்ட காலம் திரும்ப வருமா?' என்று டிபிஏக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வராது. அதனால்தான் ஒரே ராத்திரியில் தூக்கக் கூடாது என்கிறார்கள். முதலில் புதுக் காலத்தைச் சேர், கொஞ்ச நாள் இரண்டிலும் எழுது, பழைய டேட்டாவை நகலெடு, படிப்பதைப் புதுசுக்கு மாற்று, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு பழசை எடு. திரும்பி வர முடியாத பாதையில் கையால் தட்டிக்கொண்டு ஓடுவது தைரியம் ஆகாது.

'அப்புறம் டிபிஏவுக்கு என்ன வேலை?' கம்ப்யூட்டர் வந்ததும் ஆடிட்டர் வேலை போய்விட்டதா? எந்த மாற்றம் டேபிளைப் பூட்டும், எது மெதுவாக்கும் என்று முன்கூட்டியே சொல்ல அவர் வேண்டும். ராத்திரி கண்விழித்துத் தட்டச்சு செய்யத்தான் அவர் வேண்டாம்.

கடைசியாக காமர்ஸ்காரர்களுக்கு ஒன்று. கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது என்பது இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். ஆனால் 2023-24 தணிக்கை அறிக்கைகள் சிலவற்றைப் புரட்டிப் பாருங்கள். டேட்டாபேஸில் நேரடியாகச் செய்யும் மாற்றங்களுக்கு இந்தப் பதிவு இயக்கப்படவில்லை என்று பல கம்பெனிகளைப் பற்றி ஆடிட்டர்கள் எழுதியிருக்கிறார்கள். முன்வாசலில் ஏழு பூட்டு, கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது. நாளைக்கு அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடப்போவது இன்றைய பி.காம் மாணவர்கள்தான். 'டேட்டாபேஸ் நம்ம சப்ஜெக்ட் இல்லை' என்று அவர்கள் ஒதுங்கினால், ரப்பர் யார் கையில் இருக்கும்?