கடவுளுக்காக விட்டதும் விடாததும்

தம்மைப் பின்பற்றுகிறவன் தாய் தகப்பனையும் வீடு வாசலையும் விடத் துணிய வேண்டும் என்று கிறிஸ்துநாதர் சொன்னதாகப் பாதிரிமார்கள் பிரசங்கிக்கிறார்கள். நம் நாட்டில் இதை நிஜமாகவே செய்தவர்கள் பெரும்பாலும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களே. இழிவு போகுமென்று நம்பிக் குலசாமியையும் பந்துக்களையும் விட்டார்கள்.

அதோடு தீர்ந்ததா? 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி, ஞானஸ்நானம் பெற்றவன் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேரமாட்டான். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு இவனுக்குத் திறக்கவில்லை. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் இந்தத் தடையை நீக்கச் சொல்லியும் பயனில்லை. தமிழ்நாட்டில் இவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான். ஆகவே வேலையும் படிப்பும் கூடக் கடவுளுக்குக் காணிக்கையாயிற்று!

சரி, ஜாதிக் கிறிஸ்தவர் எதை விட்டார்? விபூதியை விட்டார், பெயரை மாற்றினார். ஜாதியை விட்டாரா? திருநெல்வேலி வடக்கன்குளம் மாதா கோவிலில் ஜாதிவாரியாகச் சுவர் வைத்தே கும்பிட்டார்கள். அந்தச் சுவர் இடிந்து நூறு வருஷமாகியும், 2008-இல் அப்போதைய விழுப்புரம் ஜில்லா எறையூரில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று தனிப்பங்கு கேட்டதன்மேல் கலகம் மூண்டு, போலீஸ் துப்பாக்கியால் இரண்டு உயிர் போயிற்று. (இந்துக்கள் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. அந்த ஜாதி இவர்கள் கொடுத்தனுப்பிய சீதனமே.)

தாமல், உத்திரமேரூர் பக்கத்துத் தோழர்களே! கடவுளுக்காக எதை விடத் தயார் என்று உங்களை யாராவது கேட்டால், "ஐயா, உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா?" என்று திருப்பிக் கேளுங்கள்.