சைக்கிளுக்கு இரண்டு பிரேக்

பேச்சு கான்சர் பக்கம் திரும்பினால், ஆம்பூர் வாணியம்பாடி ஆசாமிகள் உடனே பாலாற்றைக் கை காட்டுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. தோல் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட், 'கெடுத்தவன் காசு கொடுக்கட்டும்' என்கிற தத்துவப்படி தோல் ஷாப்புகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் தீட்டியது. ராணிப்பேட்டையில், 1990-களில் மூடிய குரோமேட் ஃபேக்டரி ஒன்று லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. அதில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் செல்லுக்குள் புகுந்து டி.என்.ஏ.வைக் கெடுக்கும்.

கெட்டால் என்ன? செல்லுக்கு 'வளரு, பிரி' என்று தகவல் வந்துகொண்டே இருக்கும். அதை உள்ளே கடத்தும் 'ராஸ்' என்ற புரோட்டீன்தான் ஆக்ஸிலேட்டர். அழுத்தினது அழுத்தினபடி நின்றுவிடாமல் இருக்க, பிரேக் புரோட்டீன்கள் உண்டு. ராஸை அணைக்க நியூரோஃபைப்ரோமின். பிரியத் துடிக்கும் செல்லை வாசலிலேயே மறிக்க ஆர்பி. டி.என்.ஏ. பழுதானால் ரிப்பேர் ஆகும்வரை நிறுத்திவைத்து, தேறாத கேஸ் என்றால் செல்லைத் தற்கொலை செய்யவைக்க பி53. இந்த பி53-ஐ 1979-ல் கண்டுபிடித்துப் பத்து வருஷம் வில்லன் என்றே நினைத்தார்கள். 1989-ல்தான் ஹீரோ என்று தெரிந்தது!

சைக்கிள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரேக். அப்பா கொடுத்த ஜீன் ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. பெரும்பாலும் இரண்டும் போனால்தான் வம்பு என்பது, குழந்தைகளின் கண் புற்றுநோயைப் பார்த்து 1971-ல் ஆல்ஃப்ரட் நட்ஸன் போட்ட கணக்கு. யானைக்கு பி53 ஜீன் சுமார் இருபது ஜோடி. அத்தனை பெரிய உடம்பில் கான்சர் குறைவாக இருக்க அதுவும் காரணம் என்கிறார்கள். நமக்கு ஒரே ஒரு ஜோடி. மனிதர்களுக்கு வரும் கான்சர்களில் ஏறக்குறைய பாதியில் அது கெட்டிருக்கிறது.

தீர்ப்பு வந்த அதே 1996, அக்டோபர் மாசம் 'சயின்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை. புகையிலைப் புகையில் இருக்கும் பென்ஸோபைரீன், உடம்பில் உருமாறி பி53 ஜீனில் எங்கே போய் ஒட்டுகிறது என்று லேபில் வளர்த்த செல்களில் பார்த்தார்கள். நுரையீரல் கான்சர்காரர்களுக்கு அந்த ஜீன் அடிக்கடி எங்கே கெட்டிருக்குமோ, அச்சாக அதே இடங்கள்!

ஆற்றைக் கெடுத்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். ஷிஃப்ட் முடிந்து டீக்கடை பெஞ்சில் பீடி பற்றவைக்கும் தம்பி யார் மேல் கேஸ் போடுவான்? இன்று நிறுத்தினால், பத்து வருஷத்தில் நுரையீரல் கான்சர் அபாயம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். நிறுத்தாவிட்டாலும் சட்டம் ஒன்றுதான்: கெடுத்தவன் காசு கொடுக்கட்டும். முதல் தவணை பெட்டிக்கடைக்கு, பாக்கி ஆஸ்பத்திரிக்கு.