யாருக்கான ஊசி இது?

மணமாகி ஆண்டுகள் பல சென்றும் மழலைச் செல்வம் வாய்க்காத இல்லங்களின் துயரத்தை எவரும் எளிதாக எண்ணிவிடலாகாது. அத்துயரத்தைத் தீர்க்க வந்த மருத்துவத்தைப் பழிப்பதும் நம் நோக்கமன்று. ஆயினும், சிலருக்கெனப் பிறந்த ஒரு மருத்துவமுறை, கேள்வி கேட்பாரின்றி, வருவோர் பலருக்கும் வழங்கப்படும்போது நாம் வாய்மூடி இருத்தல் தகுமோ? ‘இக்ஸி’ எனப்படும் விந்தணு உட்செலுத்தும் முறையைப் பற்றியே பேசுகிறோம்.

1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அம்முறையில் கருமுட்டையோடு பல்லாயிரம் விந்தணுக்களை ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைப்பர். அவற்றுள் ஒன்று தானே முட்டையைத் துளைத்து நுழையும். விந்தணுக்கள் மிகக் குறைந்த ஆண்களுக்கு இவ்வழி பயன்படவில்லை. 1992ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜான்பியெரோ பலெர்மோவும் அவருடைய குழுவினரும் புதுவழி ஒன்றை உலகுக்கு அறிவித்தனர். ஒரே ஒரு விந்தணுவைத் தெரிந்தெடுத்து, மிக மெல்லிய கண்ணாடி ஊசியால் முட்டையின் உள்ளேயே செலுத்தும் வழி அது. தந்தையாக இயலாது என்று கைவிடப்பட்ட ஆண்கள் பலர் இதனால் தந்தையராயினர். இந்நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் பின்னர் நடந்தது என்ன? அமெரிக்க நாட்டின் கணக்கைப் பாருங்கள். ஆணிடம் குறையேதும் காணப்படாத தம்பதியருக்கு நடந்த சோதனைக் குழாய்ச் சிகிச்சைகளுள், 1996இல் 15.4 விழுக்காட்டில்தான் இவ்வூசி பயன்பட்டது. 2012இல் அது 66.9 விழுக்காடாக உயர்ந்தது. இவர்களுக்கு இதனால் விளைந்த பயன் யாது? வியட்நாம் நாட்டில், விந்தணு எண்ணிக்கை இயல்பாக உள்ள 1064 தம்பதியரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. ஊசி முறையில் குழந்தை பெற்றோர் 35 விழுக்காட்டினர். பழைய முறையில் 31 விழுக்காட்டினர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது என்பதால், ஊசியே மேலானது என்று ஆய்வாளர்கள் கூறவில்லை. உறுதியான நன்மை இல்லாத இடத்தில் ஊசி எதற்கு?

தீங்கு ஏதும் இல்லையெனில் இதனை வீண்செலவு என்று விட்டுவிடலாம். அதுவும் இல்லையே! விந்தணுக் குறைவு சிலருக்கு ஒய் குரோமோசோமின் சிறு பகுதி இழக்கப்பட்டதால் வருவது. அந்தத் தந்தை பெறும் மகனுக்கும் அதே இழப்பு உரிமைச் சொத்துப்போல் வந்து சேரும். இம்முறையால் பிறந்து வளர்ந்த 54 இளைஞர்களைப் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்களே ஆராய்ந்து 2016இல் முடிவு கூறினர். அவர்களுடைய விந்தணுச் செறிவு, இயல்பாகக் கருவுற்றுப் பிறந்தவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியே. தென் ஆஸ்திரேலியாவில் 2012இல் வெளியான பேராய்வில், இயல்பாகக் கருவான குழந்தைகளுள் 5.8 விழுக்காட்டினருக்கும், ஊசி முறையில் கருவானவர்களுள் 9.9 விழுக்காட்டினருக்கும் பிறவிக் குறைபாடுகள் காணப்பட்டன. இவ்வேறுபாட்டில் ஒரு பங்கு, பெற்றோரின் உடற்குறையாலேயே வந்திருக்கக்கூடும். இம்முறையில் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். நன்மையைச் சொல்லும் வாய் தீமையையும் சொல்லட்டும் என்பதே நம் வாதம்.

இன்னும் ஒன்று. குறை கணவனிடம் இருப்பினும், நாள்தோறும் ஊசி ஏற்றுக்கொள்பவள் மனைவி. முட்டைகளை வெளியே எடுக்க மயக்க மருந்தின் கீழ்ப் படுப்பவளும் அவளே. இவ்வளவும் தாங்குபவளை நாம் எப்படி நடத்துகிறோம்? விந்தணுப் பரிசோதனை மிக எளியது. ஆயினும் அதற்கு உடன்படாத ஆண்கள் எத்தனை பேர்! மருமகளை ‘மலடி’ என்று தூற்றும் வீடுகள் எத்தனை! விவிலியத்தில் அன்னாவை வருத்தியது குழந்தையின்மை மட்டுமன்று, பெனின்னாவின் ஏளனமும்தான். நம் பங்குகளில் பெனின்னாக்கள் குறைந்தால், அச்சத்தால் மருத்துவமனைக்கு ஓடும் தம்பதியரும் குறைவர்.

“இது கணவன் மனைவியின் விருப்பம், பிறர் தலையிடலாமா?” என்பர். விருப்பத்திற்கு அடிப்படை அறிவு. அறியாமல் இடும் கையொப்பம் விருப்பமாகாது. சிகிச்சையின் விளைவுகளையும் வெற்றி வாய்ப்பையும் எடுத்துரைக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் மருத்துவமனைகளைப் பணிக்கிறது. எனவே கேளுங்கள்: எங்களுக்கு இவ்வூசி எதற்காக? குரோமோசோம் பரிசோதனை செய்தாயிற்றா? எத்தனை கருக்களை உருவாக்குவீர்கள்? எஞ்சியவற்றின் கதி என்ன?

இக்கடைசிக் கேள்வி, விசுவாசிகளாகிய நம்மைத் தனியே தடுத்து நிறுத்துகிறது. திருச்சபை 2008இல் வெளியிட்ட ‘டிக்னிதாஸ் பர்சோனே’ என்னும் ஏடு இம்முறையைப் பெயர் சொல்லியே மறுத்துள்ளது. குழந்தை, கணவன் மனைவியின் அன்புறவில் பெறப்படும் கொடை; ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படும் பொருளன்று என்பதே அதன் அடிப்படை. உறைபனியில் வைக்கப்படும் கருக்களும் மனித உயிர்களே என்பதை அது நினைவூட்டுகிறது. ஆயின், இம்முறையால் பிறந்த குழந்தையை எவரேனும் தாழ்வாகப் பார்த்தால் அது பெரும் பாவம். பிறந்த வழி எதுவாயினும், பிறந்த குழந்தை இறைவனின் சாயலே.

மறுப்புரையை மட்டும் கூறிவிட்டுத் துயருற்றோரைத் தனியே விடுவதும் அறமாகாது. குறையின் காரணத்தைக் கண்டு நீக்கும் சிகிச்சைகள் உள்ளன. தத்தெடுக்கும் வழியும் உள்ளது. எல்லாவற்றிற்கும் முன்னதாக, குழந்தையில்லா இல்லமும் நிறைவான குடும்பமே என்று மனமார ஏற்கும் சமூகம் வேண்டும். அதனை ஆக்கித் தர எந்த ஊசியாலும் இயலாது, நம்மால் இயலும்.